ஆடிட்டர் ஆபீஸில் பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் ஆவண மென்பொருள்: 14 மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

மாதம் பிறந்து ஐந்தாம் தேதி ஆனால் போதும், எங்கள் ஆபீஸ் வாசலில் கட்டைப்பைகள் வந்து இறங்க ஆரம்பித்துவிடும். விசைத்தறி ஓட்டுகிறவர், மஞ்சள் மண்டி வைத்திருப்பவர், சாயப்பட்டறைகளுக்கு கெமிக்கல் சப்ளை செய்கிறவர், இரண்டு லாரி வைத்துப் பிழைக்கிறவர் என்று எல்லோருடைய பில்களும் அந்தப் பைகளில்தான் வரும். ஈரோட்டில் ஐந்து பேர் வேலை பார்க்கும் சின்ன ஆடிட்டர் ஆபீஸ் எங்களுடையது, அறுபது எழுபது கிளையன்ட் இருப்பார்கள். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டும், 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லும் 3பி போட வேண்டும், நடுவில் 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. இந்த நாட்களில் "அந்த பில் எங்கே" என்று தேடுவதிலேயே ஒரு ஆளின் பாதி நாள் போய்விடும்.

ஆவண மேலாண்மை மென்பொருள் தேட ஆரம்பித்ததற்குக் காரணம் பில் கூட இல்லை, ஒரு நோட்டீஸ். ஒரு கிளையன்டுக்கு வந்த ஏஎஸ்எம்டி-10, அதாவது தாக்கல் செய்த கணக்கில் முரண்பாடு இருக்கிறது என்று ஜிஎஸ்டி துறை விளக்கம் கேட்பது, அதற்கு 30 நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். பிரிண்ட் எடுத்து என் மேஜை மேல் வைத்தது நான்தான், அதன் மேல் பில் கட்டு ஏறி உட்கார்ந்துவிட்டது. 26ஆம் நாள் கண்ணில் பட்டது. மீதி நான்கு நாளில் ஓடி ஆடி பதில் தாக்கல் செய்துவிட்டோம். ஆனால் அந்த நான்கு இரவும் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அடுத்தவருடைய தொழில் நம் மேஜையில் இருக்கிறது என்பது அப்போதுதான் உடம்பில் உறைத்தது.

இதற்கு முன்னால் வருடச் சந்தா கட்டி ஒரு கிளவுட் சேவை வைத்திருந்தோம். பெயர் வேண்டாம். அதிலும் வொர்க்ஃப்ளோ, அதாவது விதி எழுதி வைத்தால் வேலையைத் தானாகச் செய்யும் வசதி, உண்டு, ஆனால் நல்லதெல்லாம் மேல் பிளானில் இருந்தது. விலகும்போது ஃபைல்களை இறக்கினால் எல்லாம் ஒரே குவியலாக வந்தது, எது யாருடைய பில் என்ற விவரம் ஒன்றும் கூட வரவில்லை. அதனால் இந்த முறை நம் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே இருக்க வேண்டும், ஃபைல் சாதாரண ஃபோல்டரில் சாதாரண பிடிஎஃப் ஆகக் கிடக்க வேண்டும் என்று முடிவு செய்துதான் தேடினேன்.

அப்படிக் கிடைத்ததுதான் பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ். டேனியல் க்வின் என்பவர் தொடங்கிய பேப்பர்லெஸ், பிறகு ஜோனாஸ் விங்க்லர் கையில் பேப்பர்லெஸ்-என்ஜி ஆனது, 2022இல் இருந்து ஒரு தன்னார்வலர் குழு என்ஜிஎக்ஸ் என்ற பெயரில் எடுத்து நடத்துகிறது. முழுக்கத் திறந்த மூலம், இலவசம். ஸ்கேன் செய்ததைப் படித்து, தேடக்கூடிய பிடிஎஃப் ஆக்கி, அசல் ஃபைலையும் தொடாமல் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது. நிறுவ டோக்கர் (மென்பொருளை அதற்கு வேண்டியவற்றோடு ஒரே பொட்டலமாக ஓட்டும் கருவி) தெரிந்த ஒரு ஆள் வேண்டும். என் தம்பி மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பழைய டெஸ்க்டாப் ஒன்றில் போட்டுக் கொடுத்தான், யுபிஎஸ் போட்டு மூலையில் வைத்தாயிற்று. இந்தப் பகுதியை நீட்டவில்லை, நிறுவுவது எப்படி என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். யாரும் அதிகம் எழுதாதது வொர்க்ஃப்ளோ பற்றித்தான்.

வொர்க்ஃப்ளோ என்பது 2024 தொடக்கத்தில் வந்த 2.3 பதிப்பில் சேர்ந்தது. ஒரு ட்ரிக்கர், ஒரு செயல், அவ்வளவுதான். இது நடந்தால் இதைச் செய். ட்ரிக்கர் நான்கு வகை. ஃபைல் உள்ளே வர ஆரம்பிக்கும்போது, வந்து சேர்ந்த பிறகு, யாராவது அதைத் திருத்தும்போது, அப்புறம் குறிப்பிட்ட தேதியை வைத்து. செயல் என்றால் டேக் (அடையாளச் சீட்டு) போடுவது, யாரிடமிருந்து வந்தது என்று குறிப்பது, தலைப்பு வைப்பது, எந்த ஃபோல்டரில் போய் உட்கார வேண்டும் என்று சொல்வது, யார் பார்க்கலாம் என்று அனுமதி கொடுப்பது, மெயில் அனுப்புவது, வெப்ஹூக் தட்டுவது (வேறொரு மென்பொருளுக்குத் தானாகத் தகவல் சொல்வது).

இங்கே ஒரு இடத்தில் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன், நீங்கள் மாட்டக்கூடாது. முதல் வகை ட்ரிக்கர், அதாவது ஃபைல் உள்ளே வர ஆரம்பிக்கும் கட்டம், அப்போது அந்த ஃபைலை மென்பொருள் இன்னும் படித்திருக்காது. அதனால் பில்லுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து அங்கே விதி எழுத முடியாது. ஃபைல் பெயர், எந்த ஃபோல்டரில் வந்தது, மெயிலில் வந்ததா கையால் ஏற்றியதா, இதை மட்டும்தான் பார்க்கலாம். உள்ளடக்கத்தை வைத்து விதி வேண்டும் என்றால் இரண்டாம் வகைக்குப் போக வேண்டும். யோசித்துப் பார்த்தால் சரிதான், ஆனால் திரையைப் பார்த்தவுடன் தோன்றாது.

எங்கள் தொழிலில் இருக்கிற சிக்கல் வேறு. ஜிஎஸ்டி எண் 15 இலக்கம், முதல் இரண்டு மாநிலத்தின் எண், தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்து அந்த ஆளுடைய பான். ஒரு எண் ஒரு பதிவுக்குத்தான், குழப்பமே வராது, இதை வைத்தே எல்லா பில்லையும் தானாகப் பிரித்துவிடலாம் என்று ஆசையாக ஆரம்பித்தேன். ஒவ்வொரு கிளையன்டின் எண்ணையும் கொடுத்து, இது இருந்தால் இந்த டேக் போடு என்று அறுபது விதி. ஓடவும் செய்தது. ஆனால் வியாபாரிகளுக்குள் நடக்கிற பில்லில் இரண்டு ஜிஎஸ்டி எண் இருக்குமே, விற்றவருடையது ஒன்று, வாங்கியவருடையது ஒன்று. எங்கள் கிளையன்ட் ஒருவர் இன்னொரு கிளையன்டிடம் நூல் வாங்கினால் அந்த பில்லில் இரண்டு டேக்கும் ஏறும். சரி, இரண்டு பேருக்கும் வேண்டிய பில்தானே என்று விட்டாலும், இது கொள்முதலா விற்பனையா என்பது தெரியாது. ஒரே காகிதம் ஒருவருக்குக் கொள்முதல், இன்னொருவருக்கு விற்பனை.

கடைசியில் விடை ஃபோல்டரில் இருந்தது. மென்பொருள் கண் வைத்திருக்கும் உள்வரவு ஃபோல்டருக்குள் கிளையன்டுக்கு ஒன்றாக உட்ஃபோல்டர், அதற்குள் கொள்முதல், விற்பனை, வங்கி, நோட்டீஸ் என்று நான்கு. எந்தப் பையைப் பிரித்தோமோ அதற்குரிய ஃபோல்டரில் ஸ்கேன் போய் விழுகிறது. பாதையைப் பார்த்து முதல் வகை ட்ரிக்கர் கிளையன்ட் டேக்கும் பில் வகையும் போட்டுவிடுகிறது. இதற்கு உட்ஃபோல்டர்களையும் பார் என்று அமைப்பில் ஒரு வரி மாற்ற வேண்டும், ஃபோல்டர் பெயரையே டேக் ஆக்கிக்கொள் என்றும் ஒரு வசதி இருக்கிறது. ஜிஎஸ்டி எண் விதிகளை நான் தூக்கிப் போடவில்லை, அவற்றைச் சரிபார்க்க வைத்திருக்கிறேன். ஃபோல்டர் சொன்ன கிளையன்டும் பில்லுக்குள் இருக்கிற எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு கிளையன்ட் டேக் ஏறிவிடும், அதைப் பார்த்தாலே போதும். வேறொருவர் பையில் கலந்த பில்கள் இப்படித்தான் பிடிபடுகின்றன.

ஒன்று சொல்ல வேண்டும், முதல் நாள் ஃபோல்டரில் போட்ட ஸ்கேன் எல்லாம் சற்று நேரத்தில் காணாமல் போனதும் எங்கள் ஆபீஸில் ஃபைல் பார்க்கும் அண்ணன் பதறிப்போய் வந்தார். "ஏனுங்க, போட்டதெல்லாம் அழிஞ்சு போச்சுங்க" என்றார். அழியவில்லை, உள்ளே எடுத்துக்கொண்டால் உள்வரவு ஃபோல்டரைக் காலி செய்வதுதான் அதன் பழக்கம். அவருக்குத் திரையில் காட்டிய பிறகும் ஒரு வாரம் பென் டிரைவில் தனியாக ஒரு பிரதி வைத்துக்கொண்டுதான் இருந்தார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பதினெட்டு வருடம் கையால் அடுக்கியவருக்கு அந்தப் பயம் நியாயமானது.

அவரையே மாற்றியது ஒரு பக்கம்தான். பேட்ச்-டி என்று ஒரு பார்கோடு பக்கம் இருக்கிறது. அதைப் பத்து இருபது பிரிண்ட் எடுத்து, பில்லுக்குப் பில் நடுவில் சொருகி, முழுக் கட்டையும் ஸ்கேனரின் மேல் தட்டில் வைத்தால் போதும். ஸ்கேனர் ஒரே பெரிய பிடிஎஃப் ஆகத்தான் அனுப்பும், பேப்பர்லெஸ் அந்தப் பார்கோடு வரும் இடத்தில் எல்லாம் வெட்டி, அந்தப் பக்கத்தையும் தூக்கி எறிந்துவிட்டு, தனித்தனி ஆவணமாக ஆக்கிவிடுகிறது. இரண்டு பக்க பில், ஐந்து பக்க பில் எல்லாம் சரியாகப் பிரிகிறது. முன்பு ஒவ்வொரு பில்லாக ஸ்கேன் செய்து பெயர் தட்டி சேமிப்பார். இப்போது டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு கட்டு முடிந்திருக்கிறது. பார்கோடு படிப்பது தானாக இயங்காது, அமைப்பில் இயக்க வேண்டும். ஸ்கேனர் நெட்வொர்க் ஃபோல்டருக்கு அனுப்புகிறது என்றால் அங்கே புது ஃபைல் வந்ததே மென்பொருளுக்குத் தெரியாமல் போகலாம், அதற்கு இத்தனை நொடிக்கு ஒரு தடவை எட்டிப் பார் என்று போலிங் போட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பிக் கொடுக்காமல் நாங்களே வைத்திருக்க வேண்டிய காகிதங்களுக்கு இன்னொரு பார்கோடு, வரிசை எண் ஸ்டிக்கர். காகிதத்தின் மூலையில் ஒட்டி ஸ்கேன் செய்தால் அந்த எண் ஆவணத்தில் தானாகப் பதிவாகிறது. காகிதத்தை எண் வரிசையில் பாக்ஸ் ஃபைலில் போட்டால் போதும், கிளையன்ட் வாரியாக அடுக்கத் தேவையில்லை. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கையும் ஆவணங்களையும் ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், அதனால் இந்த பாக்ஸ் ஃபைல்கள் எங்கள் வாழ்க்கையை விட்டு எங்கும் போகப் போவதில்லை.

வாட்ஸ்அப் போட்டோக்கள் தனிக் கதை. பெட்ரோல் பங்க் பில், டோல் ரசீது எல்லாம் வெப்பத்தில் அச்சாகும் தாள், லாரிக்காரர் டாஷ்போர்டில் இரண்டு மாதம் வைத்திருந்தால் வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். அதனால் அங்கேயே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறோம். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எண்கள் கலங்கி, 8 எல்லாம் 3 ஆகப் படிக்கப்படும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். எங்களுக்கு வந்ததை ஆபீஸின் தனி மெயிலுக்கு ஃபார்வர்டு செய்கிறோம், அந்த மெயில்பெட்டியை பேப்பர்லெஸ் தானே திறந்து இணைப்புகளை எடுத்துக்கொள்கிறது, மெயிலின் தலைப்பில் கிளையன்ட் குறியீடு இருந்தால் அதற்குரிய மெயில் விதி டேக்கையும் போட்டுவிடுகிறது. அதே ஃபைல் இரண்டாவது முறை வந்தால் கண்டுபிடித்துவிடும். ஆனால் அதே பில்லை வேறொரு போட்டோவாக எடுத்து அனுப்பினால் அதற்குப் புது ஆவணம்தான்.

சரி, நோட்டீஸுக்கு வருகிறேன், இதற்காகத்தான் எல்லாம். நோட்டீஸ் ஃபோல்டரில் வரும் எதுவாக இருந்தாலும் ஒரு வொர்க்ஃப்ளோ அதில் "பதில் கடைசி நாள்" என்ற தேதிக் கட்டத்தைச் சேர்த்துவிடும், காலியாக. அந்தத் தேதியை நிரப்புவது நான், கையால், நோட்டீஸைப் படித்துவிட்டு. அப்புறம் தேதி ட்ரிக்கர் இரண்டு. கடைசி நாளுக்கு 12 நாள் முன்பு எனக்கும் அந்தக் கிளையன்டைப் பார்க்கும் ஜூனியருக்கும் மெயில், நோட்டீஸே இணைப்பாக. 4 நாள் முன்பு சீனியருக்கும் சேர்த்து மெயில். தேதிக்கு முன்னால் என்றால் கழித்தல் குறி போட்ட எண் கொடுக்க வேண்டும், நிஜ நோட்டீஸில் பார்க்காமல் ஒரு வெற்றுத் தாளை ஏற்றி, நாளைய தேதி போட்டு, மெயில் வருகிறதா என்று சோதித்துவிட்டு நம்புங்கள். மெயில் அனுப்பும் சர்வர் விவரத்தையும் முன்பே அமைத்திருக்க வேண்டும். இதில் ஒரு ஓட்டை உண்டு, தேதியை நான் நிரப்ப மறந்தால் ட்ரிக்கர் எதுவும் வராது. அதற்காக, நோட்டீஸ் டேக் இருந்து தேதி காலியாக இருப்பவற்றை மட்டும் காட்டும் ஒரு பார்வையைச் சேமித்து முகப்பிலேயே வைத்திருக்கிறேன். காலையில் வந்ததும் அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். இந்த 14 மாதத்தில் ஒரு நோட்டீஸும் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போகவில்லை. இந்த ஒன்றுக்காகவே நான் இந்த மென்பொருளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இப்போது செய்யக்கூடாதது ஒன்று. புதிதாக வரும் எல்லாவற்றிலும் இன்பாக்ஸ் டேக் ஒன்று ஒட்டிக்கொள்ளும், யாராவது பார்த்துச் சரி என்று எடுக்கும்வரை. இரண்டாம் மாதம், எல்லாம்தான் சரியாகப் பிரிகிறதே, அதையும் தானாக எடுத்துவிடலாம் என்று ஒரு வொர்க்ஃப்ளோ எழுதினேன். பேப்பர்லெஸில் ஆட்டோ என்று ஒரு பொருத்தும் முறை இருக்கிறது, நாம் முன்பு எப்படிப் பிரித்தோம் என்பதைப் பார்த்துப் பழகி, அடுத்ததைத் தானே பிரிக்கும். அது பாடம் படிப்பது இன்பாக்ஸ் டேக் இல்லாத ஆவணங்களிலிருந்து மட்டும்தான், அதாவது ஒரு மனிதர் பார்த்து முடித்தவற்றிலிருந்து. நான் டேக்கைத் தானாக எடுத்ததும், யாரும் பார்க்காத தவறான பில்களும் பாடத்தில் சேர்ந்துவிட்டன. மின்கட்டண ரசீதுகளெல்லாம் வங்கிக் கணக்கு அறிக்கை வகைக்குப் போக ஆரம்பித்தன, அதைப் பார்த்து இன்னும் நாலு. திருத்தி முடிக்க ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. அந்த வொர்க்ஃப்ளோவை அன்றே அழித்தேன். இப்போது ஜூனியர் ஒருவர் தினம் மாலை அரை மணி நேரம் இன்பாக்ஸைப் பார்த்து ஒவ்வொன்றாக விடுவிக்கிறார். இந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்த யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

தமிழ் ஆவணங்கள் பற்றி நிறையப் பேர் கேட்பீர்கள். பத்திரம், பட்டா, வாடகை ஒப்பந்தம் எல்லாம் எங்களிடம் உண்டு. ஸ்கேனில் இருக்கும் எழுத்தைப் படிப்பது டெஸராக்ட் என்ற மென்பொருள், அதற்குத் தமிழ் தெரியும், ஆனால் தமிழ்ப் பொதியைச் சேர்க்கச் சொல்வது ஒரு அமைப்பு, எந்தெந்த மொழியில் படிக்க வேண்டும் என்று சொல்வது இன்னொரு அமைப்பு, இரண்டின் பெயரிலும் ஒருமை பன்மை வித்தியாசம்தான். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வேலை செய்யவில்லை என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அச்சிட்ட தமிழை நன்றாகவே படிக்கிறது. கையெழுத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

விசித்திரமான விஷயம், தமிழுக்கு காகிதம்தான் மேல். பத்திரம் எழுதுகிறவர்கள் இன்னும் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடிக்கிறார்கள். அதைப் பிரிண்ட் எடுத்து ஸ்கேன் செய்தால் மென்பொருள் எழுத்தின் உருவத்தைப் பார்த்துப் படித்துவிடும். அதையே பிடிஎஃப் ஆக மெயிலில் அனுப்பினால், உள்ளே ஏற்கெனவே எழுத்து இருக்கிறது என்று படிக்காமல் விட்டுவிடும், ஆனால் அந்த எழுத்து உண்மையில் ஆங்கில எழுத்துகளின் குப்பை. தேடினால் ஒன்றும் கிடைக்காது. கட்டாயமாகப் படி என்று அமைக்கலாம், ஆனால் அது எல்லா ஆவணத்துக்கும் பொருந்திவிடும், அதனால் நாங்கள் அப்படிப்பட்ட பிடிஎஃப்களை மட்டும் பிரிண்ட் எடுத்து ஸ்கேன் செய்கிறோம்.

வொர்க்ஃப்ளோவில் தமிழ்ச் சொல்லை வைத்து விதி எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. "கிரயப் பத்திரம்" என்று சரியான சொல் பொருத்தத்தில் கொடுத்தேன், பிடிக்கவே இல்லை. சொல் எங்கே முடிகிறது என்று அது பார்க்கும் முறையில் புள்ளியும் கால், கொம்பு போன்ற குறிகளும் எழுத்தாகவே கணக்கில் வராது, அது பைத்தான் மொழியின் பழக்கம். புள்ளியில் முடியும் சொல்லுக்கு முடிவே இல்லாத மாதிரி ஆகிவிடும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பை வைத்துப் பொருத்தும்) வகைக்கு மாற்றி, கடைசி எழுத்தை விட்டுவிட்டு "பத்திர" என்று மட்டும் கொடுத்தேன், பத்திரம், பத்திரத்தில், பத்திரத்தின் எல்லாம் சிக்கின. தேடும்போதும் பத்திரம் என்றால் பத்திரத்தில் வராது, அதனால் நான் சர்வே எண், பத்திர எண் போட்டுத் தேடுகிறேன்.

குறை என்று பார்த்தால் பெரியது ஒன்று. ஒருவர் தயாரித்து, அடுத்தவர் சரிபார்த்து, மூன்றாமவர் ஒப்புதல் கொடுக்கும் படிப்படியான வரிசை இதில் கிடையாது. டேக் மாற்றினால் மூன்றாம் வகை ட்ரிக்கர் அடுத்தவருக்கு அனுமதி கொடுக்கும்படி நாங்கள் ஒட்டுப்போட்டு ஓட்டுகிறோம், ஐந்து பேருக்கு அது போதும். ஐம்பது பேர் இருக்கிற கம்பெனி, கொள்முதல் ஒப்புதல் எல்லாம் இதில் ஓட வேண்டும் என்றால் இது உங்களுக்கானது அல்ல. அனுமதி பற்றிச் சொல்லும்போது, உரிமையாளர் என்று யாரையும் குறிக்காத ஆவணம் உள்ளே வரும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் மாதிரி அடுத்தவர் கணக்கைக் கையாள்கிறவர்கள் முதல் வொர்க்ஃப்ளோவாகவே உரிமையாளரைக் குறிப்பதை எழுதிவிடுங்கள். ஃபைல்களை அது மறைகுறியாக்கியும் வைப்பதில்லை, அதனால் டிஸ்க்கையே பூட்டி வைத்திருக்கிறோம், கம்ப்யூட்டர் இருக்கும் அறையையும்தான்.

காசு என்று பார்த்தால் மென்பொருளுக்கு ஒன்றும் இல்லை, ஸ்டிக்கர் ரோலுக்கும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கும்தான் செலவு. அந்த ஹார்ட் டிஸ்க் கட்டாயம். எக்ஸ்போர்ட்டர் என்று ஒரு கட்டளை இருக்கிறது, ஆவணம், டேக், தேதி, வொர்க்ஃப்ளோ எல்லாவற்றையும் சேர்த்து வெளியே எழுதிக் கொடுக்கும். வெள்ளிக்கிழமை இரவு அது தானாக ஓடுகிறது. போன மார்ச்சில் என் லேப்டாப்பில் காலியான பேப்பர்லெஸ் ஒன்றைப் போட்டு அந்தப் பிரதியை ஏற்றிப் பார்த்தேன், மதியம் சாப்பாட்டுக்கு முன் ஆரம்பித்தது நாலரை மணிக்கு முடிந்தது. ஏதோ ஒரு பழைய டீசல் பில்லின் தொகையைப் போட்டுத் தேடினேன், லாரிக்காரரின் டேக்கோடு வந்து நின்றது. ஃபைல் பார்க்கும் அண்ணன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அப்ப அந்த பென் டிரைவ நான் எடுத்துக்கிறனுங்க, பேரன் பாட்டு கேக்கறான்" என்று வாங்கிக்கொண்டு போனார்.